வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் கிடைக்குமா?

கேள்வி: பாட்டி விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் இருநூறு பழைய காசுகள் இருக்கின்றன. ஓட்டைக் காலணா, தாமரை போட்ட 20 பைசா, ஜார்ஜ் மன்னர் தலை உள்ள ஒரு ரூபாய்க் காசுகள் ஏழு, வைஷ்ணோ தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய் ஒன்று. கடைசியாகச் சொன்ன காசுக்குப் பத்து லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். ரிசர்வ் வங்கிச் சான்றிதழுக்கு முதலில் 2,150 ரூபாய் கட்ட வேண்டுமாம். கட்டலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்த ஐந்து ரூபாய்க்குக் கடையில் ஐந்து ரூபாய் சாமான் கிடைக்கும், அவ்வளவுதான். புழக்கத்துக்கென்றே ஏராளமாக அடித்து விட்ட காசு அது. வாங்குகிறவன் விற்கிறவரிடம் எதற்கு முன்பணம் கேட்க வேண்டும்? 2,150 கட்டினால் மறுநாள் ஜிஎஸ்டி என்று 6,000 கேட்பான், அப்புறம் கூரியர் காப்பீடு என்பான். பென்ஷன் பணத்தில் நாற்பதாயிரம் வரை கட்டிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிசர்வ் வங்கி பழைய காசை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்குக் கமிஷன் கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே இதை அறிவித்தார்கள். அறிவித்து என்ன பயன்? ரிசர்வ் வங்கியின் முத்திரையைப் போட்ட வீடியோக்கள் இன்றைக்கும் உங்கள் போனுக்கு வருகின்றன. ஓர் அறிக்கையோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் இருந்துவிட்டால் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டேதான் இருப்பார்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சரி, டப்பாவுக்கு வருவோம். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடித்தது; அந்தக் காலத்து வீடு ஒவ்வொன்றிலும் நாலைந்து கிடக்கும். தாமரை 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்பது புரளி. அது அலுமினிய வெண்கலம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, வங்கியிலும் மாற்ற முடியாது. பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு இருப்பது அந்த ஏழு ரூபாய்களில்தான். ஒவ்வொன்றையும் திருப்பி ஆண்டைப் பாருங்கள். 1922 வரை உள்ளவை ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை என்றால் பாதிதான் வெள்ளி. 1947 ஆண்டும் பின்பக்கம் புலியும் இருந்தால் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். பழைய வெள்ளி வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு, 'எல்லாம் கலப்படம்' என்று ஒரே விலை பேசுவார்கள். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, அன்றைய வெள்ளி விலையோடு கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஏழில் ஒன்று 1911 ஆக இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அந்த ஆண்டு ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் யானை ஒன்றைச் செதுக்கினார்கள். தும்பிக்கையும் காலும் குட்டையாக விழுந்ததில் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியது. அரசு காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். சேகரிப்பவர்கள் இதைப் 'பன்றி ரூபாய்' என்பார்கள். லென்ஸ்கூட வேண்டாம், 1911 என்று இருந்தாலே அந்த வகைதான். வெள்ளி விலையைவிடக் கூடுதலாகத் தருவார்கள். எவ்வளவு என்பது தேய்மானத்தைப் பொறுத்தது. மன்னரின் கிரீடத்தில் கோடுகள் எண்ணும்படி தெரிந்தால் ஒரு விலை, வழுவழுவென்று போயிருந்தால் வேறு விலை.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சபீனாவும் வேண்டாம். அந்தக் கறுப்புப் படலத்தோடுதான் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள். பளபளவென்று தேய்த்த காசுக்கு வெள்ளி விலைதான் வரும். ஏழையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, பக்கத்தில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது கொண்டுபோய் மூன்று மேசைகளிலாவது விலை கேளுங்கள். முதல் மேசையில் விற்றுவிடாதீர்கள்.