விமானத்தில் புகை வந்தால் ஆக்சிஜன் மாஸ்க் விழுமா?

தர்மபுரி நண்பருக்கு, அம்மாவோடு பெங்களூரில் விமானம் ஏறுகிறீர்கள், யாருடைய பவர் பேங்காவது புகைந்தால் மாஸ்க் விழுமா என்று கேட்டிருந்தீர்கள். புகைக்காக அது விழாது. பயணிகள் அமரும் கேபினின் காற்றழுத்தம் சுமார் 14,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் குறைந்தால்தான் தானாக இறங்கும். இறங்கினாலும் கேபின் காற்றையும் கலந்தே தருவதால் புகையும் சேர்ந்து உள்ளே போகும்.

கைக்குட்டையை நனைத்து மூக்கையும் வாயையும் மூடி, தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஈரத்துணி கரித்துகளைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. பேட்டரி சூடானாலே பணியாளரைக் கூப்பிடுங்கள், கையால் தொடாதீர்கள். விமானத் தீயணைப்பானில் உள்ள ஹாலான் வாயு தீயை அணைக்குமே தவிர சூட்டை இறக்காது. தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தால்தான் பேட்டரிக்குள் இருக்கும் அடுத்த செல் பற்றாது. ஐஸ் போட்டு மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும், அது ஆபத்து.

ஏறி உட்கார்ந்ததும் ஏசி துவாரத்தில் வெண்மையாக ஆவி வரலாம். அது வெறும் ஈரப்பதம், வாடை இருக்காது. அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.