தோல்வியிலிருந்து பாடம் கற்பதை நடைமுறையில் எப்படிச் செய்வது?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் இரண்டு முறை வெற்றி கிட்டாத நிலையில், ‘தோல்வியிலிருந்து பாடம் கற்றுக்கொள்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை உண்மையில் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்ல உங்களைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள் என்பதால், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தோல்வி தானாக எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் உடைந்தது என்று காட்டும் பதிவு கையில் இருப்பவருக்குத்தான் அதிலிருந்து ஏதாவது கிடைக்கும். இதற்கு இஸ்ரோவின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எல்லோரும் சொல்வது, 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்து 1980 ஜூலையில் வென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் கதையை. எனக்கு அதற்கு அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கதைதான் முக்கியமாகத் தோன்றுகிறது. ஏனெனில் அங்கே முதல் தோல்விக்குப் பின் வெற்றி வரவில்லை, இன்னொரு தோல்விதான் வந்தது.

1987 மார்ச் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் ஏ.எஸ்.எல்.வி.யில், பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்த இரண்டு மோட்டார்களும் (எரிபொருளை எரித்து ராக்கெட்டை உந்தும் பகுதிகள்) எரிந்து முடிந்த பிறகு பற்ற வேண்டிய நடு மோட்டார் பற்றவில்லை. அதைச் சரிசெய்துகொண்டு 1988 ஜூலை 13 அன்று மீண்டும் ஏவினார்கள். இம்முறை நடு மோட்டார் பற்றியது. ஆனால் பக்க மோட்டார்கள் ஓய்வதற்கும் நடு மோட்டார் விசை பெறுவதற்கும் இடையில் விழுந்த சிறு இடைவெளியில், கலன் மீது காற்றின் அழுத்தம் மிக அதிகமாக இருந்த கட்டத்தில், அது கட்டுப்பாட்டை இழந்து உடைந்தது. தோல்விகள் இரண்டும் நேர்ந்தது ஏறத்தாழ ஒரே இடத்தில், அதாவது ஒரு மோட்டாரிடமிருந்து இன்னொரு மோட்டாருக்குப் பொறுப்பு கைமாறும் இடத்தில் என்பதைக் கவனியுங்கள். முதல் முறை கண்ணில் பட்ட பழுது சரிசெய்யப்பட்டது. அந்தக் கைமாற்றமே பலவீனமானது என்பது இரண்டாவது தோல்விக்குப் பிறகே முழுமையாகப் புலப்பட்டது.

அதன் பின் அவர்கள் அவசரப்படவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே குறித்த நொடியில் நடு மோட்டாரைப் பற்றவைக்கும் முறையைக் கைவிட்டு, பக்க மோட்டார்களின் விசை குறைவதைக் கலனே உணர்ந்து அதற்கேற்பப் பற்றவைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கலன் நிலைகுலையாமல் இருக்க அடிப்பகுதியில் துடுப்புகளையும் சேர்த்தார்கள். 1992 மே 20 அன்று மூன்றாவது கலன் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. திட்டமிட்டதைவிடத் தாழ்வான பாதைதான் என்றாலும், கைமாறும் கட்டம் கடக்கப்பட்டுவிட்டது.

என் தொழிலை வைத்தும் இதைச் சொல்ல முடியும். நான் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். துளையின் அளவு கூடிப்போன பாகங்கள் சிவப்புப் பெட்டிக்குப் போகும். உடன் ஒரு படிவம் நிரப்பப்படும். அதில் காரணம் என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்தப் படிவத்தால் யாருக்கும் பயனில்லை. அடுத்த வாரம் அதே பழுது வேறொரு ஆபரேட்டரின் கையில் வரும். ‘இன்சர்ட் (வெட்டும் கருவியின் மாற்றக்கூடிய முனை) தேய்ந்த பிறகும் மாற்றப்படவில்லை, எத்தனை பாகங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற குறிப்பு இயந்திரத்தின் அருகில் இல்லை’ என்று எழுதியிருந்தால்தான் அடுத்த ஷிப்டில் எதையாவது மாற்ற முடியும். ‘நான் சரியாகப் படிக்கவில்லை’ என்று மாணவர்கள் சொல்வதும் கவனக்குறைவு என்று எழுதுவதைப் போன்றதுதான். பணிவாகத் தொனிக்கிறதே தவிர, அதில் தகவல் எதுவும் இல்லை.

சந்திரயான்-2 தரையிறங்கு கலம் 2019 செப்டம்பரில் நிலவில் மோதியதற்குப் பின்னாளில் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் சொன்ன விளக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை கொடுத்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கலம் வேகமாகத் திரும்ப வேண்டிய நிலை வந்தபோது மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதைத் தடுத்தது. இறங்குவதற்குக் குறித்திருந்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறிய பரப்பு. இந்த மூன்றிலும் யாருடைய கவனக்குறைவும் இல்லை. மூன்றையும் மாற்ற முடியும். மாற்றினார்கள். எஞ்சின்களை நான்காகக் குறைத்து, இறங்கும் பரப்பை ஏறத்தாழ 4 கி.மீ. நீளமும் 2.5 கி.மீ. அகலமுமாக விரித்து, கால்களை உறுதிப்படுத்தி, கூடுதல் எரிபொருளும் ஏற்றினார்கள். எதெல்லாம் பழுதாகக் கூடும் என்று முதலில் பட்டியலிட்டு, அவை பழுதானாலும் இறங்கும்படி வடிவமைத்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது இதுதான். தேர்வாணையம் வெளியிடும் விடைக்குறிப்போடு உங்கள் இரண்டு தேர்வுகளின் வினாத்தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: அந்தப் பாடத்தையே படிக்கவில்லையா, படித்தும் மறந்ததா, இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறினீர்களா, நேரம் போதாமல் கடைசியில் ஊகித்தீர்களா என்று. நேரம் போதவில்லை என்பதே பெரும்பான்மையான காரணம் என்றால், இன்னும் பத்துப் புத்தகங்கள் வாங்குவதால் ஒன்றும் ஆகாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு 200 கேள்விகளையும் 3 மணி நேரத்தில் எழுதிப் பழக வேண்டும். இரண்டு தேர்வுகளின் தாள்களிலும் ஒரே பகுதியில் தவறியிருந்தால், ஏ.எஸ்.எல்.வி.யைப் போல அந்தப் பகுதியை அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும்.

மூன்றாம் முறை எழுதுவதா என்ற முடிவை அதன் பிறகு எடுங்கள். வேறு தேர்வுக்கு மாறினால் இதுவரை படித்தது வீண் என்று நினைக்க வேண்டாம். ஏ.எஸ்.எல்.வி.யும்கூட 1994 மே மாதம் நடந்த நான்காவது பயணத்தோடு நிறுத்தப்பட்டதுதான். பக்க மோட்டார்களைக் கையாளும் முறை உட்பட அதில் கற்றவற்றை இஸ்ரோ தன் அடுத்த ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.க்குக் கொண்டுபோனது. அந்த பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணமும் 1993 செப்டம்பரில் தோல்வியில்தான் முடிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வென்ற பிறகு, 2008-இல் சந்திரயான்-1-ஐ ஏவியதும் அதுவே.