‘சார்பு’தான் ‘ஃபங்ஷன்’: கல்லூரி முதலாண்டு பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்தவை. அவற்றுள் நான்கினைத் தேர்ந்தெடுத்து, பொறியியல் கல்லூரியில் 31 ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியை பதில் எழுதுகிறார்.

கேள்வி: அம்மா, வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பொதுத் தேர்வில் கணிதத்தில் 93 மதிப்பெண் பெற்றேன். 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறையில் இடம் கிடைத்தது. முதல் இன்டர்னல் தேர்வில் கணிதத்தில் 50-க்கு 11, இயற்பியலில் 14 வாங்கியிருக்கிறேன். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு வரியை நான் புரிந்துகொள்வதற்குள் பலகையை அழித்துவிடுகிறார்கள். அறையில் உடன் இருக்கும் மூவரும் ஆங்கில வழியில் படித்தவர்கள். ‘கோட்டாவில் வந்தவளுக்கு இது எப்படிப் புரியும்’ என்று அவர்களில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் என் அம்மா, மகள் இன்ஜினியர் ஆகப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் எதையும் சொல்ல முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு ஊருக்குப் பக்கத்தில் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் சேர்ந்துவிடலாமா?
*மாணவி, அரியலூர் மாவட்டம்*

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன், மகளே. முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கணித வினாத்தாளையும் திருத்திய விடைத்தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பெண் போன ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும், கணக்கு தெரியாமல் விட்டதா, கேட்டது என்னவென்று விளங்காமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பொதுத் தேர்வில் 93 வாங்கிய ஒரு பெண்ணின் தாளில் இரண்டாவது காரணமே மிகுதியாக இருக்கும் என்பதை, இத்தகைய தாள்களை ஆண்டுதோறும் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

என் வகுப்பில் இருந்த ஒரு மாணவர் ‘ஃபங்ஷன்’ என்ற சொல்லை வீட்டு விசேஷம் என்ற பொருளில் மட்டுமே அறிந்திருந்தார். நான் நாள்தோறும் பலகையில் எழுதிய ஃபங்ஷன், பதினொன்றாம் வகுப்பில் அவர் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுப் பழகிய அதே ‘சார்பு’தான் என்பது அவருக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர் தம்மை மந்தமானவர் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் விசாரித்து அறியவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

உங்கள் நிலையும் இதுவாகவே இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். கல்லூரிக் கணிதமும் அநேகமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. அணி என்று நீங்கள் படித்தது மேட்ரிக்ஸ், அணிக்கோவை டிடர்மினன்ட், நேர்மாறு இன்வெர்ஸ், அணியின் தரம் ரேங்க். ‘ஐகன் வேல்யூ’ என்ற சொல் மட்டும் உங்களுக்குப் புதிது. ஆனால் அதைக் காண்பதற்குச் செய்ய வேண்டியது ஓர் அணிக்கோவையை விரிப்பதும், அதிலிருந்து கிடைக்கும் பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டைத் தீர்ப்பதுமே ஆகும். இரண்டையும் பள்ளியிலேயே செய்துவிட்டீர்கள். ‘பார்ஷியல் டெரிவேட்டிவ்’ என்று மிரட்டலாக ஒலிப்பது உங்கள் நூலில் இருந்த பகுதி வகைக்கெழு. இயற்பியலில் இன்டர்ஃபெரன்ஸ் குறுக்கீட்டு விளைவு, டிஃப்ராக்ஷன் விளிம்பு விளைவு. உங்களிடம் இருக்கும் அறிவுக்கு வேறு பெயர் சூட்டிக் கேட்கிறார்கள். அந்தப் பெயர்களைக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போதும்.

அதற்கு மிக எளிய கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணித, அறிவியல் நூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அமைப்பில் வெளியிடுகிறது. பாட வரிசையும் சமன்பாடுகளும் ஒன்றே. மாறுவது மொழி மட்டுமே. நீங்கள் படித்த தமிழ் நூலை ஊரிலிருந்து வரவழையுங்கள். அதன் ஆங்கிலப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் அருகருகே வைத்து, நாள்தோறும் அரை மணி நேரம், ஏற்கெனவே உங்களுக்குப் பாடமாகிவிட்ட ஒரு பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அகராதி தேவைப்படாமலே சொல் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று நாளுக்குப் பத்து எழுதி வந்தால், பொங்கல் விடுமுறைக்குள் அறுநூறு சொற்களாவது சேர்ந்துவிடும். முதலாண்டுப் பாடங்களுக்கு அவ்வளவு சொற்கள் வேண்டியிருக்காது.

வினாத்தாளில் வரும் ஏவல் சொற்களைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ‘ஸ்டேட்’ என்றால் விதியைச் சொன்னால் போதும். ‘டிரைவ்’ என்றால் வருவிக்க வேண்டும். ‘வெரிஃபை’ என்றால் சரிபார்த்துக் காட்ட வேண்டும். ‘ஹென்ஸ்’ என்று இருந்தால் முதற்பகுதியின் விடையைக் கொண்டுதான் இரண்டாம் பகுதியைச் செய்ய வேண்டும். இந்த ஒரு சொல் விளங்காமல் சரியான கணக்கை வேறு வழியில் போட்டு மதிப்பெண் இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விடை எழுதும்போது நீண்ட ஆங்கில வாக்கியங்களுக்கு முயலாமல், படிகளையும் படங்களையும் தெளிவாகக் கொடுத்து, இடையில் நான்கைந்து சொற்களில் சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். கணிதத்தில் படிகளுக்கு உரிய மதிப்பெண்ணை எந்த ஆசிரியரும் குறைக்க மாட்டார்.

வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆசிரியர் அறைக்குச் செல்லுங்கள். ‘ஒன்றுமே புரியவில்லை’ என்று சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. நோட்டைத் திறந்து, ‘இந்த மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி எப்படி வந்தது’ என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். உங்கள் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்களாக இருப்பார்கள். தேடி வந்து கேட்கும் மாணவியிடம் அவர்கள் கனிவாகவே பேசுவார்கள்.

அறைத்தோழி சொன்ன சொல்லைப் பற்றி: தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு முன்னுரிமை 2021-இல் சட்டமாக்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது உரிமை. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதும் அந்த உரிமையின் தொடர்ச்சிதான். ஆய்வகமும் தனிப்பயிற்சியும் வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோரும் வாய்த்தவர்களோடு, இவை எதுவும் இல்லாத பிள்ளையை ஒரே வரிசையில் நிற்க வைப்பது நியாயமில்லை என்பதால் வந்த சட்டம் இது. நீங்கள் எழுதப்போகும் செமஸ்டர் தேர்வும் அவர்கள் எழுதப்போவதும் ஒன்றே. அந்தப் பெண்ணிடம் வாதிட வேண்டாம். ஆனால் அவள் சொன்னதை நீங்களும் உங்களுக்குள் சொல்லிக்கொள்ளக் கூடாது. இதை வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

படிப்பை விடுவதா என்ற முடிவை இப்போது எடுக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்ற பங்கீடு இருக்கிறது. உங்களை அழ வைத்த அந்த 11 மதிப்பெண், அந்த 40-இலும் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும். ஒன்றிரண்டு தாள்களில் அரியர் விழுந்தாலும் பின்னர் எழுதித் தேறலாம். இரண்டாம் செமஸ்டர் முடிந்தபின் இதே கேள்வி உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். அப்போது மின்னணுவியல் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யலாம். கலைக் கல்லூரி தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் போக வேண்டிய இடத்துக்கு அஞ்சி ஓடிப் போகக் கூடாது.

அம்மாவிடம் பேசுங்கள். மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. ‘பாடம் இங்கிலீஷில் இருக்கிறது, பழகக் கொஞ்ச நாள் ஆகும்’ என்று சொன்னால் போதும். வெயிலில் மண் சுமப்பவருக்குப் பழகுவதென்றால் என்னவென்று நமக்கு மேலாகவே தெரியும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், கல்லூரியில் அதற்கெனப் பொறுப்பாசிரியர் இருப்பார், உடனே போய்ப் பாருங்கள். வேறு உதவித்தொகை பெறுவது அதற்குத் தடையில்லை.

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறான். விடுதியில் இருக்கிறான். காலையிலும் மாலையிலும் இரவிலும் நானோ என் மனைவியோ பேசுகிறோம். ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி வைத்துவிடுகிறான். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் பேருந்து ஏறி ஊருக்கு வந்துவிடுகிறான். கண்டிக்கலாமா?
*தந்தை, ஆம்பூர்*

பதில்: கண்டிக்காதீர்கள், ஐயா. பதினேழு ஆண்டுகள் தாயின் சமையலும் தெரிந்த முகங்களுமாக இருந்த பிள்ளைக்கு, விடுதியில் கடினமாக இருப்பது சனி, ஞாயிறுதான். மற்ற நாட்களில் வகுப்பு இருக்கிறது, விடுமுறை நாளில் அறையின் நான்கு சுவர்கள் மட்டுமே இருக்கின்றன. அவன் வீட்டைத் தேடி வருவதோடு அந்த வெறுமையிலிருந்தும் தப்பி வருகிறான். ஆனால் நட்பு உருவாவதும் அந்த நாட்களில்தான். சேர்ந்து துணி துவைப்பதிலும், மெஸ்ஸில் தாமதமாகச் சாப்பிடுவதிலும், கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய் வருவதிலும் உருவாகும் பழக்கத்தை, வாரந்தோறும் ஊருக்கு வருகிற பிள்ளை இழந்துவிடுகிறான். திங்கட்கிழமை திரும்பும்போது மறுபடியும் அந்நியனாகவே திரும்புகிறான்.

ஆகவே, வரக் கூடாது என்று சொல்லாமல், இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். வராத வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சென்னைக்குச் சென்று, அவனையும் அவன் அறைத்தோழர்களையும் அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட வையுங்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகளிடமும் அவனுக்கு உரிமை வந்துவிடும். நாளுக்கு மூன்று அழைப்புகளை ஒன்றாக்குங்கள். படித்தாயா என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். இன்று மெஸ்ஸில் என்ன குழம்பு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எந்த ஊர் என்று கேட்டால் பேச்சு வளரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, வகுப்புக்கும் போவதில்லை, ஊருக்கு வந்தாலும் யாருடனும் பேசாமல் படுத்தே கிடக்கிறான் என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதை வீட்டு ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: விடுதியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரவு பதினொரு மணிக்கு மேல் எங்களை அழைத்துத் தங்கள் ரெக்கார்ட் நோட்டுகளை எழுதச் சொல்கிறார்கள். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. ‘நாங்களும் எழுதிக் கொடுத்துத்தான் வந்தோம்’ என்கிறார்கள். இதை ராகிங் என்று சொல்ல முடியுமா?
*மாணவர், மதுரை*

பதில்: முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வெளியிட்ட ராகிங் தடுப்பு ஒழுங்குமுறை, தமக்கு இடப்பட்ட படிப்பு வேலையைப் புதிய மாணவரைக் கொண்டு செய்வித்துக்கொள்வதையும் ராகிங் என்றே வரையறுக்கிறது. அதற்கும் முன்பே, 1997-இல், தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடம் உண்டு. முந்தைய ஆண்டு ஒரு மருத்துவ மாணவரின் உயிரைக் காவு வாங்கிய கொடுமையை அடுத்து வந்த சட்டம் அது என்பதை உங்கள் சீனியர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். தனியாகச் செல்ல அச்சமாக இருந்தால் நான்கைந்து பேராக வார்டனிடமோ கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடமோ செல்லுங்கள். அதுவும் இயலாவிட்டால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. பெயரைச் சொல்லாமலும் புகார் செய்யலாம். பாடத்தில் ஐயம் கேட்கவும் பழைய வினாத்தாள் வாங்கவும் சீனியர்கள் வேண்டும்தான். அந்த உதவியை மனமுவந்து செய்பவர்கள் இரவு பதினொரு மணிக்கு நோட்டைக் கையில் திணிக்க மாட்டார்கள்.

கேள்வி: டெங்குக் காய்ச்சலால் மூன்று வாரம் கல்லூரிக்குப் போக முடியவில்லை. பொறியியல் முதல் செமஸ்டர். அட்டெண்டன்ஸ் 69 விழுக்காட்டில் நிற்கிறது. தேர்வு எழுத விடுவார்களா?
*மாணவி, திண்டிவனம்*

பதில்: அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 விழுக்காடு வேண்டும். 65-க்குக் குறையாமல் இருந்தால், மருத்துவக் காரணத்துக்குச் சான்று காட்டித் தேர்வெழுத அனுமதி பெறலாம். 65-க்குக் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க நேரும். எனவே மருத்துவமனைச் சான்றையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் செமஸ்டர் இறுதி வரை வைத்திராமல் இந்த வாரமே வகுப்பு ஆலோசகரிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இனி ஒரு நாளும் விடுப்பு எடுக்காதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பிராக்டிக்கல். விடுபட்ட எழுத்துப் பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து ஈடுசெய்யலாம்; செய்யாத சோதனைக்கு ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்காது. எந்த மாலை ஆய்வகம் திறந்திருக்கும், எந்தக் கருவி காலியாக இருக்கும் என்பதை ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். அவருக்குத்தான் அது சரியாகத் தெரியும்.