டிசர்வ் என்றால் சேவகமா?

அன்புள்ள ஐயா,

கல்முனையில் உயர்தரம் படிக்கிறேன். என் மச்சாள் மாவட்ட அடிப்படையில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், ‘ஷீ டஸின்ட் டிசர்வ் இட்’ என்று சொல்லிவிட்டுப் போனார். ரியூஷன் சேரிடம் கேட்டேன். அந்தச் சொல்லுக்குள் ‘சேர்வ்’, அதாவது சேவகம், இருக்கிறது என்றார். பரிசுக்கும் டிசர்வ், தண்டனைக்கும் டிசர்வ். இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

சேர் சொன்னது சரி. இலத்தீனில் ‘செர்வீரே’ என்றால் ஊழியம் செய்வது. முன்னால் ‘டே’ சேர்ந்தால், மனம் ஒன்றிச் செய்வது. பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது ஊழியம் பின்னுக்குப் போய், ஊழியத்துக்குக் கிடைக்க வேண்டியது முன்னுக்கு வந்துவிட்டது. (சாப்பாடு முடிய வட்டிலப்பத்தை டெசர்ட் என்று வைக்கிறோமே, அதுவும் செர்வீரேயின் பிள்ளைதான். பிரெஞ்சில் மேசையை ஒதுக்கி எடுப்பது என்று பொருள்.)

திறமை, தகுதி என்று சொல்லும் ‘மெரிட்’டும் அப்படித்தான். அதன் இலத்தீன் வினைக்கு உழைத்துப் பெறுவது என்று பொருள். ரோமப் படைவீரன் சம்பளத்துக்குச் சேவை செய்ததையும் அதே வினையால் சொன்னார்கள். சேவைக்காலம் முடித்தவன் ‘எமரிட்டஸ்’. இப்போது அது ஓய்வுபெற்ற பேராசிரியருக்குப் பட்டம். உழைத்துச் சம்பாதிப்பதைச் சொல்லும் ‘ஏர்ன்’ நமக்கு இன்னும் கிட்டிய சொல். ஜெர்மனில் அறுவடையை ‘ஏர்ன்டே’ என்பார்கள். இரண்டுக்கும் ஒரே வேர். சம்மாந்துறையில் வேளாண்மை வெட்டிக் கூலி வாங்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூர்வீகத்தை வைத்து உங்கள் உறவினரை மடக்க முடியாது. சொல் எங்கிருந்து வந்தாலும் இன்றைய பொருள்தான் பொருள். ஆனால் அவர் எதை எண்ணிப் பார்த்தார் என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அம்பாறையும் மட்டக்களப்பும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் பாதி ஆண்டு போன பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி விடையை அளக்கும், பட்ட பாட்டை அளக்காது. மச்சாள் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடு போட்டி போட்டு எடுத்த இடம் அது.

சரி, தமிழுக்கு வருவோம். நல்லதுக்கு ‘தகும்’, ‘உரியவர்’, ‘பாராட்டுக்குப் பாத்திரமானவர்’ எல்லாம் பொருந்தும். ‘அருகதை’ கொஞ்சம் சண்டைக்காரச் சொல். பெரும்பாலும் ‘இல்லை’யைக் கூட்டிக்கொண்டுதான் வரும். தண்டனைக்கு நம் வீடுகளில் ‘அவனுக்கு நல்லா வேணும்’ என்பதை மிஞ்ச ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் ஒரே வசனம் வேண்டுமென்றால் ‘கிடைக்க வேண்டியதுதான் கிடைத்தது’ என்று எழுதுங்கள். மச்சாளுக்கு அனுப்பும் வாழ்த்தில் மட்டும் ‘உனக்கு நல்லா வேணும்’ என்று எழுதிவிடாதீர்கள்.