பெயர் மாறிய ஜார் ஃபைல்கள்

கேள்வி: எங்கள் அலுவலக பில்லிங் மென்பொருள் ஜாவாவில் எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அது பயன்படுத்தும் லைப்ரரிகள் (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகள்) லிப் ஃபோல்டரில் ‘காமன்.ஜார்’, ‘யூட்டில்_நியூ.ஜார்’ என்றெல்லாம் ஜார் ஃபைல்களாகக் கிடக்கின்றன. எது எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று ஆடிட்டர் பட்டியல் கேட்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஹார்லிக்ஸ் டப்பாவில் மிளகாய்த்தூள் வைக்காத வீடு உண்டா? ஃபைல் பெயரும் அப்படித்தான், நம்பாதீர்கள். ஹாஷைப் பாருங்கள். ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான ஒரு எழுத்துக்கோவை அது. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. உள்ளே ஒரு பைட் மாறினாலும் முழுசாக வேறாகிவிடும்.

ஜாவா லைப்ரரிகளைச் சேர்த்துவைத்திருக்கும் மேவன் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில், எஸ்ஹெச்ஏ-1 முறையில் எடுத்த ஹாஷைக் கொடுத்தே தேடலாம். பொருந்தினால் லைப்ரரியின் பெயர், வெர்ஷன் இரண்டும் வந்துவிடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கொடுத்தால் 64 எழுத்து வரும். அது எஸ்ஹெச்ஏ-256 என்ற வேறு முறை. அதைப் போட்டுத் தேடிவிட்டு ‘ஒன்றும் வரவில்லையே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அல்காரிதம் எஸ்ஹெச்ஏ-1 என்று சேர்த்துக் கொடுங்கள், 40 எழுத்து வரும்.

எஸ்ஹெச்ஏ-1 உடைந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஹாஷ் வரும் இரண்டு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டின. பழைய ஜாருக்குப் பெயர் கண்டுபிடிக்க அது தடையில்லை. புதிதாக இறக்கும் ஃபைல் அசல்தானா என்று பார்க்க மட்டும் அதை நம்ப வேண்டாம்.

சரி, பொருந்தவே இல்லையென்றால்? ஜார் என்பது ஜிப்தான். யாராவது பிரித்து மறுபடி கட்டியிருந்தால், உள்ளே பதியும் நேரம் மாறினாலே ஹாஷ் மாறிவிடும். பல லைப்ரரிகளை ஒரே ஜாரில் திணித்திருக்கவும் கூடும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பெரிய தலைவலியே இதுதான். ஃபோல்டரில் அந்தப் பெயரே இருக்காது, வேறொரு ஜாரின் வயிற்றுக்குள் ஓட்டைக்குக் காரணமான ‘ஜேஎன்டிஐலுக்அப்’ கிளாஸ் (நிரல் துண்டு) இருக்கும். ஆகவே ஜாரைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிளாஸ் ஃபைல்களுக்குத் தனித்தனியாக ஹாஷ் எடுத்து, நீங்கள் சந்தேகப்படும் லைப்ரரியின் அசல் ஜாரில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். கட்டும்போது பேக்கேஜ் பெயரையும் (கிளாஸ்களைச் சேர்த்துவைக்கும் தொகுதியின் பெயர்) மாற்றியிருந்தால் அதுவும் பொருந்தாது. அப்புறம் மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் ‘பாம்.ப்ராப்பர்ட்டீஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் வெர்ஷனும் அதில் எழுதியிருக்கும். ஆனால் அது வெறும் எழுத்துதான், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

கடைசிவரை பிடிபடாத ஜாருக்கு நேரே ‘தெரியவில்லை’ என்றே எழுதி, பக்கத்தில் ஹாஷைப் போட்டுக் கொடுங்கள். உத்தேசமாக ஒரு வெர்ஷனை எழுதிவிடாதீர்கள்.