சங்கத்துக்கு வயது என்ன?

கேள்வி: எங்கள் வட்டாரக் கல்லூரிக் கணித ஆசிரியர் சங்கத்தின் வரலாற்றைத் தொகுக்கிறோம். பழைய மினிட்ஸ் நோட்டுகள் பாதி கிடைக்கவில்லை. தொடங்கிய ஆண்டை எப்படி உறுதி செய்வது?
– கணித விரிவுரையாளர், திருமங்கலம்

பதில்: முதல் கூட்டம், பதிவு, முதல் மாநாடு மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு ஆண்டுகள்; மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். இந்தியக் கணிதக் கழகமே 1907இல் வி. ராமசாமி ஐயர் 'அனலிடிக் கிளப்' என்று தொடங்கியதுதான். இன்றைய பெயர் 1910இல் வந்தது.

பதிவு ஆண்டுக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு முந்திய சங்கமென்றால் 1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் தேடச் சொல்லுங்கள்; இல்லையேல் 'கோப்பு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மினிட்ஸ் இல்லாவிட்டால் சந்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை போதும். பெயர், கல்லூரி, தேதி எல்லாம் அதில் இருக்கும். (பொருளாளர் வீட்டுப் பரணில் தேடுங்கள்.) தேதியில்லாத கடிதமா? தலைப்பைப் பாருங்கள். 'மதுரைப் பல்கலைக்கழகம்' என்றிருந்தால் 1966க்கும் 1978க்கும் இடைப்பட்டது; பிறகுதான் காமராசர் பெயர் சேர்ந்தது. ஆனால் பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை பயன்படுத்துவார்கள், ஓரிரு ஆண்டு தள்ளியே கணக்கிடுங்கள்.

1990 வாக்கில் நெல்லை, தூத்துக்குடி, குமரி உறுப்பினர்கள் குறைந்திருந்தால் பூசல் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வாண்டு அந்த மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போயின.