ஒண்ணுதான் சார்

அன்புள்ள ஐயா,

சமூகப் பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊரில் குடிநோய் பற்றிய கள ஆய்வுதான் என் ப்ராஜெக்ட். குடியிலிருந்து மீண்ட நான்கு பேரை இதில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார் கைடு. கனடாவில் உள்ள வான்கூவரில் போதைப் பழக்கம் உள்ளவர்களே சங்கம் வைத்து ஆய்வுகளில் பங்கெடுக்கிறார்களாம். நம் ஊரில் இது சரிப்படுமா? அவர்களை நம்பலாமா? எவ்வளவு பணம் கொடுப்பது? நடுவில் மறுபடி குடித்துவிட்டால்? குடிப்பழக்கத்தைக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டு அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்து இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

‘பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏணியைப் பயன்படுத்தலாம். வார்த்தை கைடுடையது என்பீர்கள், ஆனால் கடிதம் உங்களுடையது.

பணமா? கேள்வி கேட்கப் போகும் மாணவருக்கு என்ன தருவீர்களோ அதுவே இவர்களுக்கும். டீயும் வடையும் சம்பளமாகாது. மறுபடி குடித்துவிட்டால் போய்ப் பாருங்கள், காய்ச்சலில் கிடப்பவரைப் பார்ப்பது போல. வான்கூவரை விடுங்கள், அது பெரிய கதை.

உங்கள் படிவத்துக்கு வருகிறேன். போன வாரம்தான் என் மாமா குடியை விட்டுப் பதினோரு வருடம் முடிந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பையன்கள் இதே படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை டிரிங்க் என்று கேட்டார்கள். “ஒண்ணுதான் சார்” என்றார் மாமா. ஒன்று என்று குறித்துக்கொண்டார்கள்.

மாமா பொய் சொல்லவில்லை. ஒரு குவார்ட்டர். 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம். படிவத்தின் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். அதாவது ஆறு! இரண்டாவது கேள்வியில் அவருக்கு விழ வேண்டிய மதிப்பெண் 2, விழுந்தது பூஜ்யம். ‘ஒரே வேளையில் ஆறு அல்லது அதற்கு மேல் குடித்ததுண்டா’ என்பது மூன்றாவது கேள்வி. தினமும் அதைத்தான் செய்தார், ஆனால் ‘சேச்சே’ என்றார். அங்கே 4 போயிற்று. காலையில் எழுந்ததும் குடிப்பீர்களா என்பதற்கும் இல்லை என்றார். விடிந்தால் கை உதறும், ஸ்பேனர் நிற்காது. அதற்கென்று தனியாக வைத்திருந்ததில் ஒரு மடக்கு ஊற்றிக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை அது மருந்து. அங்கே இன்னொரு 4. ஆகப் பத்து மதிப்பெண் காணாமல் போனது. மொத்தமே 40, எட்டைத் தொட்டாலே எச்சரிக்கை என்று வைத்திருக்கிற படிவம் இது. பையன்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தை அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள், அவளை யாரும் கேட்கவில்லை.

உள்ளூர் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்தப் படிவத்தின் கையேடே சொல்கிறது. மாற்ற வேண்டியது யார்? நீங்கள் ‘டிரிங்க்’ என்பதை ‘பானம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். பானம்! மாமா பானகத்தோடு நிறுத்தியிருப்பார். கட்டிங் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது. அந்த ஆளிடம் கேட்டால் ‘அரை’ என்பான். அரைக்கு உங்கள் தாளில் கட்டமே கிடையாது. இது உங்கள் கைடுக்குத் தெரியாது, எனக்கும் மாமா சொல்லித்தான் தெரியும். கேள்வியை எழுதும்போதே குடியிலிருந்து மீண்டவர்கள் உங்களோடு உட்கார வேண்டும். எல்லாம் அச்சடித்த பிறகு ஆள் பிடித்துக் கொடுக்கவும், கடைசியில் விழா மேடையில் ஏற்றிக் கதை சொல்ல வைக்கவும் கூப்பிடுகிறீர்களே, அதற்குப் பெயர் பங்கேற்பா?

நம்பலாமா என்று கேட்டீர்கள். அவர்கள் உங்களை நம்புவார்களா என்று எனக்குக் கவலை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகிறவர்கள் வெளியே பெயர் சொல்ல மாட்டார்கள். நன்றி சொல்கிறேன் என்று முதல் பக்கத்தில் முழுப்பெயரைப் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள். போடலாமா என்று முதலில் கேளுங்கள்.

படிவத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். “இந்தப் புள்ளைய ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சப்புறம் வரச் சொல்லு கண்ணு. பென்சில் கொண்டாரட்டும், பேனா வேண்டாம்” என்றார். வருவதானால் முதல் நாளே எனக்கு எழுதுங்கள்.